பத்து நிமிடம்

ஆள் ஏறாததால்தான் எங்கள் கிளை ரயிலை மூடினார்கள் என்று ஊரே சொல்கிறது. ஜங்ஷனில் டிக்கெட் கொடுத்த எனக்குத் தெரியும், ஆளை ஏறவிடவில்லை.

மெயின் லைன் வண்டி எட்டு ஐம்பதுக்கு வரும். அதில் இறங்குபவர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி ஒன்பதுக்குக் கிளம்பும். பிறகு ஒரு புதிய கால அட்டவணை வந்தது: எங்கள் வண்டி எட்டு நாற்பதுக்கே கிளம்ப வேண்டுமாம். ஓடி வந்தவர்களிடம், "வண்டி போயிடுச்சு, நீங்க பத்து நிமிஷம் லேட்டு" என்று சொல்லிச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டது நான்தான். ஒரு நாள் ஸ்டேஷன் மாஸ்டர் துணிந்து வண்டியை நிறுத்தி வைத்தார். மறுநாளே மெமோ வந்தது.

ஆறு மாதம் கழித்து, அட்டவணை போட்ட அதே அதிகாரி தலை எண்ண வந்தார். பெட்டிக்கு நான்கு பேர். உச்சுக் கொட்டிக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். அந்த வருடமே தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள்.

போன வாரம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகி, இங்கே மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். அந்த முகத்தை நான் மறப்பேனா? அவருக்கு என்னையும் தெரியவில்லை, ஊரும் நினைவில்லை. எத்தனை லைனை மூடியவரோ!

"ஒரு மணி நேரமா கால் கடுக்க நிக்கிறேன் தம்பி. இந்த ஊருக்கு ரயிலே கிடையாதா?"

"வண்டி போயிடுச்சு சார்," என்றேன். "நீங்க பத்து நிமிஷம் லேட்டு."