அடுத்த பிரிவில் திரும்பவும்

பெருநகரத்திலிருந்து வெளியூர்களுக்கு ஓடும் விரைவுச்சாலையைத் திரைகளில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. நாய் குறுக்கே போனாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். அன்று கழுகு தேடியது ஒரே ஒரு வெள்ளை வேனை.

காலையில் புருஷன் அதன் தலையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு தன் அண்ணன் ஊருக்கே கிளம்பிவிட்டான். உப்புப் பெறாத சண்டை. "போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துடுறேன்," என்று வாசலில் நின்றான். சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? வீராப்பு விடவில்லை. "மெத்தைய இழுத்துக் கட்டுங்க, ரோட்ல விழுந்தா எனக்குத்தான் வேலை," என்றாள் மகராசி.

இப்போது இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமலே திரும்பினாள். கடைசியில் ஓரத் திரையில் மெத்தை தெரிந்தது. அடுத்த பிரிவைத் தாண்டிவிட்டால் அண்ணன் ஊர் வரை இறங்க வழி கிடையாது.

அவன் போகக் கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நெஞ்சு சொன்னதைக் கை கேட்டுவிட்டது. அவள் தட்டிய எழுத்து சாலைக்கு மேலிருந்த மின்பலகையில் ஒளிர்ந்தது: அடுத்த பிரிவில் இறங்கித் திரும்பவும்.

லாரி, பஸ், கார் எல்லாம் வரிசையாக இறங்கின. முன்பின் தெரியாத இத்தனை பேர் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். மெத்தை வேன் மட்டும் பிரிவுக்கு முன்னால் ஓரங்கட்டி நின்றது. அவளுடைய போன் அடித்தது.

"டூட்டியிலதானே இருக்க? போர்டு திரும்பச் சொல்லுது. முன்னாடி ஏதாவது விபத்தா?"

"இல்ல."

"ரோடு வேலையா?"

"அதுவும் இல்ல."

"அப்போ யாரைத் திரும்பச் சொல்ற?"

உங்களைத்தான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் மேற்பார்வையாளர், "என்னம்மா, எல்லா வண்டியும் ஏன் இறங்குது?" என்று பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"தப்பா போட்டுட்டேன்," என்றாள், இருவருக்கும் சேர்த்து.

"சரி, மாத்திடு," என்றான் அவன். "பாவம், ஜனங்க அலையுறாங்க."

மாற்றினாள். முன்னால் பாதை சீராக உள்ளது என்றது பலகை. வேன் கிளம்பி, காலியாகக் கிடந்த சாலையில் நேராகப் போனது. அவள் ஒவ்வொரு திரையாக மாறி மாறி, கடைசி காமிரா வரைக்கும் அவனைக் கொண்டுபோய் விட்டாள்.