மரமில்லாத தீவும் நாலாவது போல்ட்டும்

1

"அக்கா, இந்தத் தீவுல மரமே இல்லியே, குருவிலாம் எங்க குந்திக்கும்?"

மண்ணூரில் ஜாஸ்மின் குடியிருந்த அறையின் வீட்டுக்காரம்மா மகள் கவியா, ஜாஸ்மினின் போனை எட்டிப் பார்த்து ஒருநாள் கேட்டாள். திரையில் இருந்தது ஒரு நாட்டுப்பாடல் தொகுப்பின் அட்டைப்படம். வடகடலில் தனித்துக் கிடக்கும் தீவொன்றை நினைத்துப் பாடிய பாடல்கள். ஜாஸ்மினுக்குப் பதில் தெரியவில்லை. இதை எழுதும் எனக்கும் தெரியவில்லை. கதை அங்கே பிறந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாசி படர்ந்த பாறைகளின்மேல் பனிக்காற்று' — வேண்டாம். நான் அறிந்த காற்று இருங்காட்டுக்கோட்டையில் லாரிகள் கிளப்பும் புழுதிதான்.

அங்கே கார் சீட் செய்யும் கம்பெனியொன்றில் (பெயர் எதற்கு?) ஜாஸ்மின் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு சீட்டுக்கு நாலு போல்ட். முறுக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் மஞ்சள் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். அடுத்து நிற்பவள் இசக்கிசெல்வி, அறைத்தோழி. உறை மாட்டி, கொக்கி போட்டு, பச்சைப் புள்ளி வைப்பாள்.

3

ஷிப்ட் முடிந்த பஸ். ஜாஸ்மினும் இசக்கிசெல்வியும் ஒரே இயர்போனைப் பங்கிட்டு, ஆளுக்கொரு காதில் அந்தத் தீவுப் பாட்டு. நாலாம் பாடல் துடுப்புப் பாட்டு: மூன்று முறை துடுப்பு விழும், நாலாவதில் மூச்சு வாங்குவார்கள். ஜாஸ்மினின் விரல் முழங்காலில் தட்டியது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம்.

விரல் அப்படியே நின்றது. மத்தியானம் முழுக்க இதே பாட்டுதான் மனதில் ஓடியது. கையும் இப்படித்தான் ஓடியதா? மூன்று முறுக்கு, ஒரு மூச்சு, நாலு புள்ளி?

"ஏட்டி, ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் இசக்கிசெல்வி.

"ஒண்ணுமில்லக்கா." ஏசப்பா, எத்தனை சீட்?

4

முடிவு ஒன்று: பேசாமல் இருந்துவிடுகிறாள். அந்த சீட்டில் ஒரு குழந்தை — [அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: சொல்கிறாள். அடுத்த வாரம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம் — [இதையும்.]

இரண்டும் என் பயத்தில் எழுதியவை. அவளும் பயந்தாள், ஆனாலும் காலையில் நேரே சூப்பர்வைசர் குமாரவேலிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

லோடு ஏறாமல் நின்ற சீட்டுகளை அவர் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார்.

"இன்னாமா, எல்லாம் டைட்டாத்தானே கீது? காலங்காத்தால பீதியக் கெளப்பாத. லைனுக்குப் போ."

அவள் குனிந்து பார்த்தாள். பல சீட்டுகளில், நாலாவது போல்ட்டின் மஞ்சள் புள்ளியை ஒட்டிச் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி.

"நேத்தே சொல்லிருக்கலாம்லாக்கா?" லைனுக்குத் திரும்பியதும் ஜாஸ்மின் கேட்டாள்.

"சொன்னா கை நடுங்கும். நடுங்குன கை இன்னும் நாலத் தப்பவிடும்," என்றாள் இசக்கிசெல்வி, வேலையை நிறுத்தாமல். "பாட்டு மூணோட நிக்கும். சீட்டுக்கு நாலுட்டி!"

5

ஒரு மாதம் கழித்து, ஊரிலிருந்து வந்த போனுக்குப் பிறகு, இசக்கிசெல்வி வீங்கிய கண்களோடு லைனில் நின்றாள். கொக்கிகள் சரியாக விழாத சத்தம் ஜாஸ்மினுக்குக் கேட்டது.

[குருவிகள் எங்கே உட்காரும்? கவியாவுக்கு நீங்கள்தான் ஒரு பதில் சொல்ல வேண்டும்.]

டீ மணி அடித்தது. எல்லாரும் கேன்டீனுக்குப் போனார்கள். ஜாஸ்மின் போகவில்லை, இசக்கிசெல்வி மாட்டிய கொக்கிகளின் பக்கம் குனிந்து, மஞ்சள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

வாருங்கள், நாமும் போய்விடுவோம். இதை நாம் பார்க்க வேண்டாம்.