கண்ணாடிக்குள் இருந்த சீப்பு

பெண்களுக்கு முடி வெட்டும் அந்தக் கடையில் அக்காவுக்குக் ‘கத்திரி’ என்றுதான் பெயர். கையும் கூர்மை, வாயும் கூர்மை. ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவள், வெகுநாள் வீட்டோடு கிடந்துவிட்டு அன்றுதான் மறுபடி கடைக்கு வந்திருந்தாள்.

“டாக்டர் என்னக்கா சொன்னாரு?” என்று கடையில் கூடவே முடி வெட்டும் தங்கை கேட்டாள்.

“எல்லாம் சரியாப்போச்சாம். உன் வேலையப் பாரு.”

டாக்டர் சொன்னது வேறு. கண்ணில் பழுதில்லை, மூளையில் பட்ட அடியால் இடப்பக்கம் இருப்பது கவனத்துக்கே வராது, கண்ணாடியும் ஏமாற்றும், கத்திரியைத் தொடவேண்டாம் என்றிருந்தார். கத்திரியைத் தொடாவிட்டால் அப்புறம் அவள் யார்?

முதலில் வந்து உட்கார்ந்தது பழைய வாடிக்கையான டீச்சர். அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்று வெட்டத் தொடங்கினாள். கை எதையும் மறக்கவில்லை.

“சீப்பு குடுடி.”

தங்கை இடப்பக்கம் நின்று நீட்டினாள். அக்காவுக்கோ சீப்பு நேர் எதிரே பளிச்சென்று தெரிந்தது. டீச்சரின் தோளுக்கு மேலே எக்கிக் கையை நீட்டினாள். விரல் கண்ணாடியில் முட்டியது. மறுபடி நீட்டினாள். நகம் டக்கென்றது.

“என்னக்கா, கண்ணாடி துடைக்கிறியா?” தங்கை சிரித்தாள்.

“சீப்பக் கொண்டுபோய் ஏன்டி அதுக்குள்ள வச்சே?”

தங்கையின் சிரிப்பு நின்றது. சீப்பை அக்காவின் வலக்கையில் வைத்தாள். அக்காவுக்கு முகம் பற்றி எரிந்தது. விறுவிறுவென்று வெட்டி முடித்தாள்.

“பத்து வயசு குறைஞ்சுட்டீங்க டீச்சர்.”

டீச்சர் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். “ஒரு பக்கந்தானேம்மா குறைஞ்சிருக்கு?”

வலப்பக்க முடி காதோடு நின்றது. இடப்பக்க முடி தோளில் கிடந்தது. அக்கா உற்றுப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

“என்மேலதான் தப்பு டீச்சர். நான் பேச்சுக் குடுத்துட்டேன்” என்று தங்கை முந்திக்கொண்டாள்.

அதுதான் அக்காவைச் சுட்டது. தன் பொய்க்குச் சின்னவள் தலையில் பழி விழுவதா?

“அவமேல தப்பில்ல” என்றாள் அக்கா. “டாக்டர் கத்திரியத் தொடாதேன்னாரு. நான்தான் மறைச்சுட்டேன். இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரிய மாட்டேங்குது.”

“காத விட்டுவச்சியே, அதுவே புண்ணியம்” என்றார் டீச்சர். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் அக்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

தங்கை நாற்காலியைச் சுழற்றி டீச்சரை அக்காவின் பக்கம் திருப்பினாள். வெட்டாத பக்கம் இப்போது அக்காவுக்கு வலப்பக்கமாக வந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது, அத்தனை முடியும்.

“இவ்வளவா விட்டுட்டேன்?”

“இப்பத் தெரியுதில்ல? இப்படியே நின்னு நீயே வெட்டுக்கா. நான் பக்கத்துல இருக்கேன்.”

அக்கா தலையாட்டி மறுத்தாள். கத்திரியைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, சும்மா நிற்க முடியாமல் துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டினாள். கூட்டி முடித்துச் சுவரோரம் சாத்தி வைத்தாள்.

டீச்சர் போனதும், இடப்பக்கத்திலிருந்து துடைப்பத்தின் சத்தம் கேட்டது. தங்கை மீதித் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.