கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் போகிற பெண்

மகள் ஜுஹைனாவுக்குச் சென்னையில் இடம் கிடைத்திருக்கிறது என்றதும் உம்மா ரஹ்மத் செய்த முதல் காரியம், வாசல் கதவைச் சாத்தியது. புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் விடுமுறைப் பயிற்சி. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறிய இயற்பியல், வேதியியல் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்கள். கட்டியைச் சுடும் கதிர் பக்கத்துச் சதையைச் சுடாமலிருக்கக் கணக்குப் போடும் வேலை ஜுஹைனாவுக்கு. அவள் கல்லூரியில் இதுவரை யாருக்கும் வாய்க்காத இடம்.

"கேன்சர்ங்கிற பேச்சே வெளிய வரக்கூடாது ஏட்டி. கடையநல்லூர்க்காரங்க பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. கம்ப்யூட்டர் கோர்ஸ்னு சொல்லுவோம்."

துபாயிலிருந்து வாப்பா கிதிர் முகம்மதும் போனில் அதையே சொன்னார். ஜுஹைனாவும் சரி என்றாள். போகவிட்டால் போதும் அவளுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை. சாரல் தொடங்கிவிட்டதென்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோடு குற்றாலம் போனார்கள். அருவிக்குப் போகிற எந்தக் குடும்பத்திலும் ஒருவர் நனையாமல் உட்கார்ந்து பை, செருப்பு, போன் எல்லாவற்றையும் காத்தாக வேண்டும். அன்றைக்கு அந்த ஆள் வாப்பாவின் அக்கா ஹைருன் பீவி. மாமிக்கு இருமல். அவள் மடியில் குவிந்து கிடந்த போன்களில் ஜுஹைனாவுடையது அடித்தது.

"கேன்சர் சென்டர்லேர்ந்து பேசறேன். ஜுஹைனா திங்கக்கிழமை வந்துடுவாங்கல்ல?"

மாமிக்குத் திக்கென்றது. தம்பி பெண்டாட்டி கம்ப்யூட்டர் கதை சொன்னது ஏனென்று உடனே விளங்கிவிட்டது. தப்பாக விளங்கியதுதான் கேடு.

"அவளுக்குக் கேன்சரும் கெடையாது, ஒரு நோயும் கெடையாது! அவ அங்கன வரமாட்டா! இனிமே இந்த நம்பருக்குப் பேசாதீங்க!"

குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டாளாம். அருவி இரைச்சலில் அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய் காதில் விழாமல் இருக்குமா?

அன்று மாலையே மெயில் வந்தது: நீங்கள் விலகிக்கொண்டதால் அடுத்தவருக்கு இடம் தரப்பட்டது. ஞாயிறு முழுக்க மையத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமை எடுத்த, பயிற்சியைக் கவனிக்கும் ஜெயபிரியா மேடம் வருத்தமாகத்தான் பேசினார்.

"உங்க வீட்லயே வரமாட்டாங்கன்னு சொன்னாங்களேம்மா. அடுத்த பொண்ணு வந்து சேர்ந்தாச்சு."

அருவியில் போன் யார் மடியில் இருந்தது என்று நினைவு வந்ததும் ஜுஹைனா மாமி வீட்டுக்குப் போய் ஆத்திரம் தீரக் கத்தினாள். மாமி அழுதாள்.

"எனக்கென்னட்டி தெரியும்? உங்க உம்மா கம்ப்யூட்டர்னுல்லா சொன்னா. நோய் இல்லன்னா எதுக்கு மறைக்கணும்?"

இதே கேள்வியைக் கடையநல்லூர்க்காரர்களும் கேட்டனுப்பியிருந்தார்கள். மாமி மேல் வந்த கோபத்தைவிட, அன்றைக்குச் சரி என்று தலையாட்டிய தன் மேலேயே ஜுஹைனாவுக்கு அருவருப்பாக இருந்தது. உம்மாவோ இன்னும் சம்பந்தத்தை விட்டபாடில்லை.

"ஒரு டெஸ்ட் எடுத்து அவங்க கையில கொடுத்துட்டா முடிஞ்சுதுல்லா? வா, போவோம்."

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லேப். ஊசியோடு வந்த பெண் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. கேன்சர் இல்லன்னு எழுதித் தரணும்."

"எந்த டாக்டர் கேட்டாங்க?"

"மாப்பிள்ளை வீட்ல" என்று சொல்லிவிட்டு ஜுஹைனா கையை நீட்டினாள்.