பீரங்கியில் போன குடும்பம்

சேதராப்பட்டு ஆலையில் ஷிப்டு முடிந்து கிருமாம்பாக்கம் திரும்பிய அன்புராஜ், குளிக்கக்கூடப் போகாமல், தான் எழுதிய கதையை மனைவிக்குப் படித்துக் காட்டினான். ராட்சத பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்து ஒரு குடும்பமே நிலாவுக்குப் போகிற கதை.

லில்லி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துபவள். முதல் பக்கத்திலேயே சிரித்துவிட்டாள்.

"இன்னாங்க இது? வெடிச்ச ஒடனே அவ்ளோ வேகம் வந்தா உள்ள இருக்கறவங்க நசுங்கி சட்னியாயிடுவாங்க. அப்புறம் எங்க நிலாவுக்குப் போறது?"

அன்புராஜும் சிரித்தான். "அதுவும் செரிதான்" என்று தாள்களை மடித்துக்கொண்டு எழுந்துபோனான். அதற்கப்புறம் அவன் எதுவும் எழுதவில்லை.

சில வருடங்கள் கழித்து, ராக்கெட் பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் லில்லிக்குத் தெரிந்தது. பழைய கதைகளிலும் பீரங்கியில்தான் நிலாவுக்குப் போயிருக்கிறார்கள். அந்தத் தப்பான கதைகளில் சிறுவயதில் கிறங்கியவர்களே பின்னால் நிஜ ராக்கெட்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே அவனிடம் போனாள்.

"அந்தக் கதைய எடுங்க. பீரங்கிக்குப் பதிலா ராக்கெட் வெச்சிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா வேகம் புடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆவாது. கணக்கு நான் போட்டுத் தரேன்."

அன்புராஜ் பைக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அந்தப் பேப்பரெல்லாம் எப்பவோ போயிடிச்சி லில்லி."

"மனசுல இருக்குமில்ல?"

"நானும் யோசிச்சிப் பாத்தேன். அவங்க அங்க போயி இன்னா பண்ணாங்கன்னு வரவே மாட்டேங்குது."

அவன் குரலில் கோபமே இல்லை. நிலாவில் இறங்கி அவர்கள் என்ன செய்தார்கள் என்று, அவன் படித்துக் காட்டிய அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்காமல் போனோமே என்று லில்லி நினைத்துக்கொண்டாள்.