சுலபமான அருவி

அந்தக் கார் வாடகைக் கம்பெனியில் எல்லோரும் அவளை வழிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்திலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற மாதிரி அருவிப் பயணங்கள் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. எந்த வளைவில் குழந்தைகள் வாந்தி எடுக்கும், எந்தக் கடையில் கழிவறை உருப்படியாக இருக்கும், எங்கே காரை நிழலில் விடலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இத்தனைக்கும் கார் ஓட்டத் தெரியாது. "அடுப்பு பத்த வைக்கத் தெரியாதவங்கதான் உப்பு பத்தலைன்னு சொல்லுவாங்க" என்று பிரேக் கிண்டல் பண்ணுவார். பிரேக் என்பவர் கம்பெனியின் மூத்த டிரைவர். ரோட்டோரம் நிற்கிற நாய் குறுக்கே வரலாமா என்று யோசித்தாலே காரை நிறுத்திவிடுவார், அதனால் அந்தப் பெயர்.

கம்பெனிக்குச் சோறு போட்டது ஒரே ஒரு அருவிதான். காரணம், அதைவிடச் சுலபமான அருவி எங்கேயும் கிடையாது. காரை விட்டு இறங்கினால் படிக்கட்டு இல்லை, ஏற்றம் இல்லை. காய்ந்து கிடக்கும் ஆற்றுப் பாறைகளின் மேல் வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி நடந்து அருவியின் காலடிக்கே போய்விடலாம். முட்டிவலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

ஆறு ஏன் காய்ந்து கிடக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. மேலே சின்னதாக ஓர் அணை இருந்தது. மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் தேக்கிவைத்து, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மதகைத் திறந்துவிடுவார்கள். திறந்தால் அந்தப் பாறைகள் இருந்த இடமே தெரியாது. அதனால் அங்கே கார் போகிற நாட்களில் வழிக்காரி காலையில் முதல் வேலையாக மதகுக்காரருக்குப் போன் போட்டு, இன்றைக்கு எப்போது திறப்பீர்கள் என்று கேட்பாள். டிரைவர் அந்த நேரத்துக்கு முன்பே ஆட்களைக் கரைக்கு ஏற்றிவிடுவார். பிறகு சைரன் ஊதும். அதுவரை நூலாக விழுந்துகொண்டிருந்த அருவி பாறையை மறைத்துக்கொண்டு இறங்கும். ஜனங்கள் கரையில் நின்று கைதட்டுவார்கள்.

வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் பயணத்தாளில் இதை எழுதிவைக்க முதலாளி விடவில்லை. "தண்ணி திறப்பாங்கன்னு தாள்ல போடாதம்மா. போட்டா எவன் வருவான்? டிரைவர் கூடவே இருக்கார்ல, அவர் பாத்துக்குவார்" என்றார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு தடவை சைரன் சத்தத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுது, அதன் அப்பா ஆபீசுக்கே வந்து சண்டை போட்டார். அதற்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார் முதலாளி. வழிக்காரி யோசித்து யோசித்து ரசித்து எழுதினாள்: 'சைரன் ஊதினால் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகுதான் அருவி அழகாக இருக்கும்.' அந்த வரியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தம்பியிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். கதை எழுதலாம் அக்கா நீ என்று அவன் சொன்னான்.

தம்பி என்றால் அவள் கையில் வளர்ந்த தம்பி. அப்பா அம்மா போனபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. இப்போது அடுத்த தெருவில் மனைவி, மகள் என்று குடும்பமாக இருக்கிறான். யாரோ ஓட்டித் தேய்த்த பழைய கார் ஒன்றை வாங்கி, அதைத் துடைத்துத் துடைத்தே பாதிப் பெயிண்டைப் போக்கியவன். ஒரு நாள் சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு அவள் சமையலறைக்கு வந்து நின்றான்.

"அக்கா, முதல் முதலா வண்டியில வெளிய போறோம். ஒரு அருவி போட்டுக் குடு. இவ அம்மாவுக்குக் கால் சுளுக்கு, படி ஏற முடியாது. சுலபமா இருக்கணும்."

அவள் கைப்பையிலிருந்து அந்தச் சுலபமான அருவியின் பயணத்தாளை எடுத்துக் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமை போ. சனிக்கிழமை வேண்டாம்."

"ஏன்?"

ஞாயிற்றுக்கிழமை மதகு மூடியிருக்கும் என்பது அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பக்கத்தில் குழந்தை நின்றுகொண்டு அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இதைப் போய் எதற்குப் பயமுறுத்துவது என்று நினைத்தாள். வருஷக்கணக்காக வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பழகிய நாக்கு தானாக ஒரு பதிலைச் சொன்னது.

"சனிக்கிழமை கூட்டம்டா."

சனிக்கிழமை அந்த அருவிக்கு யாரும் கார் கேட்கவில்லை. அதனால் அவள் மதகுக்காரருக்குப் போன் போடவில்லை. வேலை இல்லாமல் பிரேக்கும் ஆபீசில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போது அவள் போனில் ஒரு படம் வந்தது. நடு ஆற்றில் தட்டைப் பாறையின் மேல் விரிப்பு விரித்து, சுளுக்குக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் தம்பி மனைவி. குழந்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறது. கீழே தம்பி எழுதியிருந்தான்: 'கூட்டமே இல்லக்கா, சும்மா சொல்லிட்ட. நாளைக்கு மழைன்னாங்க, அதான் இன்னைக்கே வந்துட்டோம். சாப்பாடு எடுக்கக் காருக்கு வந்தேன். இங்க மட்டும்தான் சிக்னல்.'

அவள் கூப்பிட்டாள். லைன் போகவில்லை. திரும்பக் கூப்பிட்டாள். அதற்குள் அவன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போயிருப்பான். மதகுக்காரரைக் கூப்பிட்டாள்.

"இப்பதாம்மா திறந்தேன். ஏன், இன்னைக்கு உங்க வண்டி இல்லைல்ல?"

"என் தம்பி ஆத்துல இருக்கான் அண்ணே. குழந்தையோட. மூடுங்க."

"ஐயோ. மூடறேம்மா, மூடறேன். ஆனா போன தண்ணி போனதுதான். சைரன் நல்லா ஊதியிருக்கேன். ரெண்டு தடவை ஊதினேன். காது கேக்கற எவனும் எந்திரிச்சு ஓடியிருப்பான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடியிருப்பான். தம்பி பயந்தாங்கொள்ளி, சின்ன வயதில் பல்லி விழுந்ததற்கே தெருக்கோடி வரை ஓடியவன். அப்படி நினைத்துக்கொண்டே நிமிர்ந்தவளின் கண்ணில் மேஜைமேல் அடுக்கியிருந்த பயணத்தாள்கள் பட்டன. மேல் தாளில் கடைசி வரியாக, அவள் எழுதிய சைரன் வரி தடித்த எழுத்தில் இருந்தது. முதலாளிதான் அதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருந்தார்.

பிரேக் சாவியை எடுத்தார்.

அன்றைக்கு அவர் எங்கேயும் வேகத்தைக் குறைக்கவில்லை. வழியெல்லாம் அவள் போட்ட வழிதான். வாந்தி வளைவு வந்தது, கழிவறைக் கடை வந்தது, நிழல் மரம் வந்தது. ஒவ்வொன்றையும் அவள் முன்கூட்டியே அறிந்திருந்தாள், ஒன்றுகூடச் சீக்கிரம் வரவில்லை. "ஒண்ணும் ஆகியிருக்காதும்மா" என்று பிரேக் ஒரே ஒரு தடவை சொன்னார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. கரையில் போலீஸ் ஜீப் நின்றது. தம்பி மனைவி முழங்காலெல்லாம் சிராய்ப்போடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாருடைய துண்டிலோ சுற்றிய குழந்தை. வழிக்காரி இரண்டு தலைகளை எண்ணினாள். மூன்றாவது தலையைத் தேடி மரத்தடி, ஜீப், கார் என்று எல்லா இடமும் பார்த்தாள். பழைய கார் துடைத்த பளபளப்போடு அப்படியே நின்றது.

"சைரன் கேட்டதும் நான் எந்திரிச்சுட்டேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "போயிடலாம்னேன். அவர்தான் சிரிச்சார். தாளை எடுத்துக் காட்டினார். எங்கக்கா எழுதியிருக்கா, அவ தெரியாம எழுதுவாளா, உக்காரு, இனிமேதான் அழகா வரும்னார். போனைக் கையில வெச்சுக்கிட்டு அருவியையே பாத்து நின்னார். தண்ணி வந்ததும் பாப்பாவைத் தூக்கி என்னையும் இழுத்துக் கரையில தள்ளிட்டார். அப்புறம் அவரைக் காணோம்."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான். திட்டினால் காலில் விழலாம், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். இதற்கு என்ன செய்வது என்று வழிக்காரிக்குத் தெரியவில்லை. அந்த வரியை எழுதினவள் பாவி என்று வாய்விட்டுச் சொன்னாள். அண்ணி துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் கீழே பாறை இடுக்கில் அவனைக் கண்டுபிடித்தார்கள். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படி இல்லை, ஏற்றம் இல்லை. அவ்வளவு பாரத்தோடும் சிரமமில்லாமல் நடந்து வந்தார்கள்.

மேலே அணை நிறைந்துகொண்டிருந்தது, இனியும் மூடிவைக்க முடியாது என்று மதகுக்காரர் சொல்லி அனுப்பினார். போலீஸ்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கரைக்கு ஏற்றினார்கள். ஒருவரும் கீழே இல்லை என்று இரண்டு தரம் பார்த்தபிறகு தகவல் போனது. சைரன் ஊதியது.

வழிக்காரியின் உடம்பு தூக்கிப் போட்டது. குழந்தை துண்டுக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டது.

"பயப்படாதீங்க அத்தை. சும்மாதான் ஊதுவாங்க. அப்பா சொன்னாங்க."

அவள் குழந்தையை அள்ளி எடுத்தாள். நின்றது மேட்டில்தான், தண்ணீர் அங்கே வராது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினாள். "பயப்படணும்மா, இது கேட்டா ஓடணும், யார் என்ன எழுதியிருந்தாலும் ஓடணும்" என்று சொல்லிக்கொண்டே, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல், பிரேக் கதவைத் திறந்துவைத்திருந்த கார் வரைக்கும் ஓடினாள்.