கடலைப்பருப்பளவு

பவானி குழவியை அழுத்தியபோதுதான் போன் அடித்தது. பீங்கான் கல்வத்தில் திரவ நைட்ரஜன் புகைந்துகொண்டிருந்தது. அதற்குள் அவள் அப்பா சுப்புராயனின் கல்லீரல் துண்டு பாதி மாவாகியிருந்தது. கையுறையைக் கழற்ற முடியாது. கூட வேலை பார்க்கும் இலக்கியா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா..." தம்பி பாண்டியன். "அப்பா போயிட்டாருக்கா. டீ குடிச்சிட்டு ஒக்காந்தாரு, நெஞ்சு வலிக்குதுன்னாரு. அவ்ளோதான்."

பவானிக்குக் கல்வம் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள்.

"பவானி, உங்கப்பாவுக்கு ஆபரேசன் பண்ணப்ப எடுத்தாங்களே, அங்க ஐஸ் பொட்டியில இருக்குன்னியே, அந்தத் துண்ட கொண்டாந்துடு. மனுசன் மொத்தமா போவணும், கொறையோட அனுப்பக் கூடாது. நாலு மணிக்கு எடுக்குறாங்க."

"சரிம்மா" என்றாள். தப்பென்று தெரிந்தேதான் சொன்னாள்.

ஏழு வருடத்துக்கு முன் அப்பாவே ஆராய்ச்சிக்கென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. சிதம்பரத்தில் இந்த ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியில், மைனஸ் எண்பது டிகிரியில் கிடந்தது. எல்லாம் தீர்ந்து மிஞ்சியது கடலைப்பருப்பளவு. போன மாதம் பாண்டியனுக்கும் கல்லீரலில் கட்டி என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. அப்பாவுக்கு வந்ததுதான் இவனுக்கும் வந்திருக்கிறதா என்று தெரிந்தால், எந்த மருந்து என்று முடிவு செய்துவிடலாம் என்றார் டாக்டர். அதைச் சொல்லக்கூடியது இந்தத் துண்டிலிருக்கும் ஆர்.என்.ஏ. மட்டும்தான். சும்மா சொல்லக்கூடாது, அது மகா கோழை. துண்டு இளகினால் சில நிமிடத்தில் சிதைந்துபோகும், திரும்ப உறைய வைத்தும் பிரயோசனமில்லை.

புகை மெலிந்துகொண்டே வந்தது. கேனில் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது, அடுத்தது திங்கட்கிழமைதான் வரும்.

"அக்கா, பாதிய டியூப்ல போட்டுத் தரேன், எடுத்துட்டுப் போங்க. மீதிய நான் பாக்குறேன்" என்றாள் இலக்கியா.

"ஏழு வருசப் பழசு. மொத்தமும் போட்டாலே தேறுமான்னு தெரியல. பாதில ஒண்ணும் வராது."

"அப்ப அம்மாவுக்கு?"

பவானி கரண்டியை எடுத்தாள். செத்தவருக்கா, இருப்பவனுக்கா? பெற்றவளிடம் கேட்டால் பெற்றவள் என்ன சொல்வாள்? கேட்க நேரமில்லை, தைரியமுமில்லை. கரண்டியால் மாவை வழித்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் ரோஸ் நிறக் கரைசலில் கொட்டினாள். அப்பா கரைந்துபோனார்.

அப்போதுதான் அழுகை வந்தது. கண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தாலும் எல்லாம் கெட்டுவிடும், அதிலிருக்கும் நொதி ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடும். அதனால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கையை மட்டும் நீட்டி வேலை செய்தாள். முகக்கவசம் நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு படிவு. கருவியில் வைத்து அளந்தபோது இலக்கியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "போதும்க்கா. தேறிடுச்சு. நீங்க கெளம்புங்க."

கடலூர் பஸ்ஸில், துண்டு இருந்த காலி டியூபை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆலப்பாக்கம் வருவதற்குள் ஆறு பொய் தயாராகிவிட்டது. ஒன்றும் நிற்கவில்லை.

செம்மண்டலத்தில் வீட்டு வாசலிலேயே அத்தை சின்னம்மாள் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் செத்துக் கெடக்குறாரு, ஒனக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். ஈர வேட்டியோடு பாண்டியன் தலைமாட்டில் நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள். பவானி டியூபைக் கொடுத்தாள்.

அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள்.

"காலியா இருக்கே."

"தம்பிக்குப் போயிடுச்சும்மா."

பறைச் சத்தம் நின்றிருந்தது. அம்மா பாண்டியனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அத்தை ஏதோ கேட்க வாயெடுத்தாள், அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். மூடியைத் திருகி இறுக்கினாள். பிறகு டியூபைப் பிடித்தபடியே அப்பா மேலிருந்த கோடித்துணியை வலதுபக்க விலாவரை மெல்ல விலக்கினாள்.

"எங்க எடுத்தாங்க, இங்கதானே?" என்றாள்.